மாடு இல்லாத போர்க்களம்: ஒரு விளையாட்டுக்கான காத்திருப்பும் பெங்களூரின் போர் வரலாறும்

நிகழ்நேர வியூக விளையாட்டுகளின் ரசிகர்கள் காத்திருந்தே பழகியவர்கள். 2024 ஆகஸ்டில் 'ஸ்டார்ம்கேட்' தன் முன்வெளியீட்டுடன் வந்தபோதும், 2025 ஏப்ரலில் 'டெம்பஸ்ட் ரைசிங்' வந்தபோதும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி ஒன்றே: பழைய செவ்வியல் ஆட்டங்களைப் போலவே இதுவும் இருக்கும். முன்னது 'ஸ்டார்கிராஃப்ட்' மரபிலும் பின்னது 'கமாண்ட் அண்ட் காங்கர்' மரபிலும் தம்மை வைத்துக்கொண்டன. புதியது வேண்டும், ஆனால் அது பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்னும் இந்த விருப்பம் வேறு எந்த விளையாட்டு வகையிலும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

இந்த விருப்பத்துக்குப் பெங்களூரில் இன்னொரு கிளையும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் இந்நகரத்தின் இணைய மையங்களிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடிய தலைமுறை இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் விளையாட்டு உருவாக்கக் கூடங்களிலும் பணிபுரிகிறது. அவர்கள் காத்திருப்பது, அதே இலக்கணத்தில் தம் மண்ணின் வரலாற்றைச் சொல்லும் ஆட்டத்துக்கு. கங்கர், சோழர், போசளர், விசயநகரத்தார், ஐதர், திப்பு என்று பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை, கோட்டைகளுக்கும் பஞ்சமில்லை. பாத்திரங்களை மாற்றி இட்டால் அந்த இலக்கணத்தில் இந்த வரலாறு அடங்கிவிடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அடங்காது என்பதற்குப் பெங்களூரே தக்க சான்று. அடங்காமல் வெளியே நிற்பது யானையோ பீரங்கியோ அன்று, மாடு.

முதலில் அந்த இலக்கணத்தைப் பார்க்கலாம். 1989இல் ஜப்பானில் வெளியான 'ஹெர்சாக் ஸ்வை' போன்ற முன்னோடிகள் இருந்தபோதும், இவ்வகை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1992இல் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'டியூன் 2' வழியாகத்தான். நிலத்தில் கிடக்கும் வளத்தை வண்டி அள்ளி வரும், அது பணமாகும், பணத்தில் கட்டடம் எழும், கட்டடம் படையை ஈனும், படை எதிரியின் கட்டடத்தை இடிக்கும். 1994இல் 'வார்கிராஃப்ட்', 1995இல் 'கமாண்ட் அண்ட் காங்கர்', 1998இல் 'ஸ்டார்கிராஃப்ட்' ஆகியன இதே தொடரியலில் அமைந்த வெவ்வேறு வாக்கியங்கள். 1997இல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆட்டத்தின் வழியே அந்தத் தொடரியலுக்குள் வரலாற்றைக் கொண்டுவந்தது. உணவு, மரம், பொன், கல் என நான்கு வளங்கள். காலங்கள் தாண்டி முன்னேறும் நாகரிகங்கள். 1999இல் வந்த இரண்டாம் பாகம் இன்றுவரை உலகெங்கும் போட்டியாக ஆடப்படுகிறது.

இந்த இலக்கணத்தில் உணவு என்பது விலை. ஒரு வீரனை உருவாக்கும் கணத்தில் குறிப்பிட்ட அளவு உணவு கழிக்கப்படும். அதன்பின் அவன் உண்பதில்லை. நூறு வீரர்களும் நாற்பது குதிரைகளும் பகைவன் மதிலுக்கு வெளியே எவ்வளவு காலம் நின்றாலும் களஞ்சியத்தில் ஒரு மணி குறையாது. எறிபொறிகளை எவரும் இழுப்பதில்லை, அவை தாமே உருண்டு செல்லும். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட நியாயமான சுருக்கம் இது. எனினும் எதைச் சுருக்குகிறோம் என்பதில் ஒரு வரலாற்றுப் பார்வை ஒளிந்திருக்கிறது. போரை வெல்பவர் அடிப்பவரே, சுமப்பவர் அல்லர் என்னும் பார்வை அது.

இதில் ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தின் முதல் சில நிமிடங்களில் இரு தரப்பினரும் செம்மறியாடுகளைத் தேடி அலைவர். காவலின்றி நிற்கும் எதிரியின் ஆட்டை நெருங்கினால் அது நிறம் மாறி நெருங்கியவருடையதாகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தம் முதல் வேவுக் குதிரையை இதற்கென்றே பகைவன் ஊருக்கு அனுப்புவதுண்டு. தமிழ் படித்தோர்க்கு இதற்குப் பெயர் தெரியும். வெட்சி.

தொல்காப்பியம் புறத்திணைகளை வெட்சியில்தான் தொடங்குகிறது. பகைவர் ஆநிரையைக் கவர்வது போரின் முதல் வினை. அதை மீட்பது பின்னாளில் கரந்தை எனத் தனிப்பெயர் பெற்றது. மண் நசையால் படையெடுப்பது வஞ்சி, மதில் முற்றுகை உழிஞை, இரு படைகளும் களம் குறித்துப் பொருவது தும்பை, வெற்றி வாகை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அகத்திணை இணையாக வைக்கப்பட்டது இன்னும் நுட்பமானது. வெட்சி குறிஞ்சிக்குப் புறம், வஞ்சி முல்லைக்குப் புறம், உழிஞை மருதத்துக்குப் புறம், தும்பை நெய்தலுக்குப் புறம். எந்த நிலத்தில் எத்தகைய போர் என்பதை வகுத்த ஒரு வரைவாகவும் இதைப் படிக்க இடமுண்டு. (இதைக் கொண்டு 'நாமே முதலில் கண்டுபிடித்தோம்' என்று எழுதும் பதிவுகள் வரக்கூடும், அது வேண்டாம். இலக்கண நூல் கவிதைக்கு இலக்கணம் சொல்கிறது, படைக்கு அன்று.)

ஆனால் வெட்சி வெறும் கவிமரபு அன்று என்பதைக் கற்கள் சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல்லே இடம்பெற்றுள்ளது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களில் மாட்டு மந்தையைக் குறிக்கத் திரும்பத் திரும்ப வரும் சொல் 'தொறு'. தொறு கொண்டவர், தொறு மீட்டவர், தொறு மீட்கையில் பட்டவர் என அக்கற்களின் உலகமே தொறுவைச் சுற்றி அமைந்தது. எடுத்தனூரில் கோவிவன் என்னும் நாய்க்கும் அவ்வாறே இடம் கிடைத்தது. கள்ளரைக் கடித்துத் தன் தலைவனுடன் நின்றதற்காக அதன் உருவமும் கல்லில் ஏறியது.

இந்தத் 'தொறு' எல்லை தாண்டிக் கன்னடத்துக்குப் போனால் 'துறு' ஆகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் மாடு கவர்தல் 'துறுகோள்'. தமிழின் 'ஆகோள்', கன்னடத்தின் 'துறுகோள்' இரண்டிலும் பின்னொட்டாக நிற்பது 'கொள்' என்னும் ஒரே வினையின் பெயர்வடிவம். ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கடனாகப் போன கதை அன்று இது. இரு மொழிகளும் ஒரே வேரிலிருந்து தத்தம் வழியில் கொண்டுவந்த சொத்து. தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. இலத்தீனில் 'பெக்கூஸ்' மந்தையாகவும் அதிலிருந்து பிறந்த 'பெக்கூனியா' பணமாகவும் இருப்பதைப் போல.

பெங்களூர் என்னும் பெயர் நமக்குத் தெரிய முதன்முதலில் எழுத்தில் தோன்றுவதும் ஒரு வீரனின் சாவைச் சொல்லும் கல்லில்தான். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழக் கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு, நாகத்தரன் என்னும் கங்கர் காலத் தலைவனின் பணியாள் புட்டணச் செட்டி 'பெங்களூர்ப் போரில்' பட்டதைக் குறிக்கிறது. வெந்த அவரையை மன்னனுக்குத் தந்த மூதாட்டியின் கதையால் ஊர்ப்பெயர் வந்தது என்ற பிற்காலக் கதையை இக்கல் ஒதுக்கிவிடுகிறது. எப்பால் கண்டெடுக்கப்பட்ட கித்தய்யாவின் வீரக்கல் இன்னும் பழையது, ஏறத்தாழக் கி.பி. 750. மிதிக் சொசைட்டியின் கல்வெட்டுத் திட்டத்தினர் இந்நகரத்தின் இத்தகைய கற்களை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வருகின்றனர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் இதே நகரத்தின் ஆவணங்களே. விளையாட்டு உருவாக்குவோர் பயன்படுத்தும் அதே நுட்பம், அதே ஊரில், வீரக்கற்களின் மேல் இயங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

இனி, இவ்வகை ஆட்டங்களுக்குள் இந்தியா வந்த கதை. 2007இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' ஆட்டத்தின் 'ஏசியன் டைனஸ்டீஸ்' விரிவாக்கம் இந்தியரைச் சேர்த்தது. அதில் இந்தியர் கால்நடையை உணவாக்க இயலாது. பசுக்களைப் புனிதத் தொழுவம் ஒன்றில் நிறுத்தினால் அவை 'அனுபவப் புள்ளிகள்' தரும். குடிமகனை உருவாக்க உணவுக்குப் பதிலாக மரம் செலவாகும். ஒரு நாகரிகத்தை அது எதை உண்ணாது என்பதைக் கொண்டு வரையறுப்பது மேற்கத்திய அறிவுத்துறையின் நெடிய பழக்கம். ஆட்டம் அதை விதியாக எழுதியது. இந்திய வரலாற்றில் மாடு உழுதது, இழுத்தது, சுமந்தது. ஆட்டத்தில் அது நின்றுகொண்டே இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த விரிவாக்கத்தை உருவாக்கியது பிக் ஹியூஜ் கேம்ஸ். இதே நிறுவனம்தான் 2003இல் 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' ஆட்டத்தில் பகைநிலத்துக்குள் நுழையும் படை தானே தேயும் என்றும், தளவாட வண்டி அருகில் இருந்தால் மட்டுமே தேய்வு நிற்கும் என்றும் விதி செய்தது. சுமப்பவரைக் களத்துக்குக் கொண்டுவந்த அரிய செவ்வியல் ஆட்டம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்தபோது அந்த வண்டியைக் கொண்டுவரவில்லை.

இரண்டாம் பாகத்தில் இந்தியர் 2013இல் ஒற்றை நாகரிகமாகச் சேர்ந்தனர். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' அவர்களை 'இந்துஸ்தானியர்' எனப் பெயர் மாற்றி, வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என மூவரைப் புதிதாகச் சேர்த்தது. இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் தொடர் ஆட்டமாயின. வீரர்கள் தமிழ் பேசினர். உலகின் எங்கோ ஒரு மூலையில் ஆடுபவர் சொடுக்கினால் ஒரு குடியானவன் தமிழில் பதில் சொல்கிறான் என்பது பலருக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது. அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை.

ஆயினும் 'திராவிடர்' என்ற பெயர் மொழியியலாரைச் சற்று நிறுத்தும். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தால் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைபெற்ற சொல் அது. பின்னர் அரசியல் அடையாளமாக வளர்ந்தது. இடைக்காலத்தில் அப்பெயரில் ஓர் அரசோ படையோ இருந்ததில்லை. சோழர், போசளர், காகதீயர், விசயநகரத்தார் எல்லோரும் அப்பெயருக்குள் அடங்க, அனைவருக்கும் குரல் தமிழ். ஒருவரை ஒருவர் வென்றும் மணந்தும் வாழ்ந்த அரசுகள் ஒரே நிறச் சட்டைக்குள் வந்துவிடுகின்றன. பேகூரில் பட்ட புட்டணச் செட்டி அந்த ஆட்டத்தில் தமிழ்தான் பேசியாக வேண்டும். பெங்களூரில் வாழும் கன்னடரும் தமிழரும் மொழிப்பெயர்களின் சுமையை நன்கறிந்தவர்கள். இது சிறிய பிழையாக அவர்களுக்குத் தோன்றாது.

அதே ஆட்டத்தில் திராவிடர்க்குரிய தனித் தொழில்நுட்பம் 'வூட்ஸ்' எஃகு. 1795இல் இலண்டனில் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையின் வழியாக ஆங்கிலத்தில் பரவிய இச்சொல், கன்னட 'உக்கு' என்பதன் திரிபாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. தமிழ் 'உருக்கு' அதன் உறவு. ஆக, தமிழ் பேசும் வீரன் ஆங்கிலம் வழியே திரும்பிவந்த ஒரு கன்னடச் சொல்லால் தன் வாளைத் தீட்டுகிறான். உருவாக்கியோர் அறியாமலேயே உண்மைக்கு மிக அருகே வந்த இடம் இதுதான்.

மாட்டைப் பொறுத்தவரை அந்த விரிவாக்கத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு: கால்நடையை ஆலைக்குள் அடைத்துவைத்தால் தொடர்ந்து உணவு வரும் என்ற விதி. அது கூர்ச்சரர்க்குக் கிடைத்தது. வெட்சி பாடியவர்களின் பங்காகக் கிடைத்தவை காலாட்படையும் கப்பலும் மீனும்.

இதனால் என்ன இழப்பு என்பதைப் பெங்களூர் முற்றுகை காட்டுகிறது. 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் யார்க்டவுனில் முற்றுகைக்குள் அகப்பட்டுச் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ். ஆம்பூர்ப் பக்கம் செல்வதுபோல் போக்குக் காட்டி, முக்லி கணவாய் வழியாக மேட்டுநிலத்தில் ஏறினார். மார்ச் 5இல் பெங்களூரை அடைந்து, 7இல் பேட்டையைப் பிடித்தார். அந்த மோதலில் சென்னைப் பீரங்கிப் படையின் மூர்ஹவுஸ் இறந்தார். கோட்டை மார்ச் 21 இரவில் விழுந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரிட்டு மாண்டார். இன்று கிருஷ்ணராஜேந்திரச் சந்தையின் நெரிசலுக்கு அருகே எஞ்சியுள்ள மதிலில், படை புகுந்த இடத்தைக் குறிக்கும் கல் பதிக்கப்பட்டிருக்கிறது.

ஆட்டமாக இருந்தால் இங்கே பாதி வென்றாயிற்று. கோட்டை கையில், பீரங்கிகள் கையில், அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம். கார்ன்வாலிஸும் அப்படித்தான் நினைத்தார் போலும். மே மாதத் தொடக்கத்தில் புறப்பட்டு, 15இல் அரகெரெயில் திப்புவின் படையைப் பின்தள்ளினார். தலைநகரின் மதில்கள் கண்ணுக்குத் தெரிந்தன. படை நகரவில்லை.

காரணம் மாடு. பீரங்கிகளை இழுத்த எருதுகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. வழியெங்கும் தீவனத்தைத் திப்புவின் குதிரைப்படை எரித்திருந்தது. எஞ்சிய புல்லைக் கூட்டணிக் குதிரைகள் தின்றன. பருவமழை முந்திக்கொண்டது, நோய் பரவியது, அரிசி தீர்ந்தது. எருதுகள் விழுந்தபின் வீரர்களே கயிறு பிடித்துப் பீரங்கி இழுத்தனர். மே 22இல், பெங்களூர் மதிலை உடைத்த அதே முற்றுகைப் பீரங்கிகளைக் கார்ன்வாலிஸ் தம் கையாலேயே அழிக்கச் செய்தார். மலபார்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த அபர்கிராம்பியையும் திரும்பிப்போகச் சொன்னார். களத்தில் தோற்காத படை பின்வாங்கியது.

பின்வாங்கும் வழியில் அரிபந்த், பரசுராம் பாவு ஆகியோரின் மராத்தியப் படைகள் எதிர்ப்பட்டன. அவர்களுடன் வந்தது ஒரு நடமாடும் சந்தை. விலை கடுமை, ஆனால் தானியம் இருந்தது. அதைக் கொண்டுவந்தோர் வணசாரர். ஆங்கிலேயர் 'பிரிஞ்சாரி' என்று எழுதியது இவர்களைத்தான். குடும்பம் குடும்பமாக, ஆயிரக்கணக்கான பொதி எருதுகளுடன் தக்காணம் முழுதும் தானியமும் உப்பும் சுமந்து விற்றவர்கள். எப்படைக்கும் விற்றனர், எப்படையும் அவர்களைக் கொள்ளையிடத் துணியவில்லை, ஏனெனில் கொள்ளையிட்ட படைக்கு அடுத்த முறை எவரும் வரமாட்டார்.

கார்ன்வாலிஸின் இரண்டாம் ஆட்டம் இவர்களை மையமாக வைத்தே தொடங்கியது. 1791இன் பிற்பாதி முழுவதும் அவர் பெங்களூரைப் பெருங்களஞ்சியமாக மாற்றினார். வணசாரரை ஈர்த்தல், தானியம் கொள்ளல், வேவு பார்த்தல் ஆகியவற்றைக் கவனித்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். நந்திதுர்க்கம் அக்டோபரிலும் சாவனதுர்க்கம் டிசம்பர் 21இலும் வீழ்ந்தன. வீரதீர அத்தியாயங்களாக ஓவியங்களில் வரையப்பட்ட இம்முற்றுகைகளின் நோக்கம் பெங்களூரிலிருந்து செல்லும் பொதி எருதுகளுக்கு வழியைக் காப்பதே. 1792 பிப்ரவரியில் படை மீண்டும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தது, இம்முறை உண்டுகொண்டே. மார்ச்சில் உடன்படிக்கை. திப்பு நாட்டின் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தந்தார்; இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார்.

அந்தப் பாதியில் பாரமகால் அடங்கும். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி நிலம். அதை நிருவகிக்க அனுப்பப்பட்டவர் யார் என்றால், அதே அலெக்சாண்டர் ரீட். உடன் சென்ற உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. அங்கே அவர்கள் தொடங்கிய நில அளவையும் வரிவிதிப்பும்தான் பின்னர் ரயத்துவாரி முறையாகிச் சென்னை மாகாண உழவரின் வாழ்வைத் தலைமுறைகளுக்குத் தீர்மானித்தன. படைக்கு எவ்வூரில் எவ்வளவு தானியம் கிடைக்கும் என்று கணக்கெடுத்த கையே அரசுக்கு எவ்வூரில் எவ்வளவு வரி கிடைக்கும் என்றும் கணக்கெடுத்தது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வகை ஆட்டம் பகைவனின் கடைசிக் கட்டடம் இடிந்ததும் முடிந்துவிடும். இந்தப் போரின் மிக நீண்ட விளைவு அதன்பிறகே தொடங்கியது.

திப்பு இதை அறியாதவர் அல்லர். மைசூர் உடையார்கள் பால் வெண்ணெய்க்காக வளர்த்த அரண்மனை மந்தை, ஐதர் காலத்தில் படையின் இழுவை எருதுகளுக்கான இனப்பெருக்க நிலையமாக விரிந்தது. அதற்கு 'அம்ருத் மகால்' எனப் பெயரிட்டவர் திப்பு. வேகத்துக்கும் தாங்குதிறனுக்கும் பெயர்பெற்ற அந்த எருதுகள் மைசூர்ப் பீரங்கிகளை எதிரி எதிர்பாராத விரைவில் நகர்த்தின. 1799க்குப் பின் கம்பெனி கைப்பற்றிக்கொண்ட மதிப்புமிக்க பொருள்களுள் இந்த மந்தையும் ஒன்று. திப்பு என்றதும் புலியையும் ராக்கெட்டையும் நினைப்போர் பலர். வருகிற ஆட்டத்திலும் புலி உறுதியாக இருக்கும். எருது இருக்குமா என்பதுதான் ஐயம்.

ஐயத்துக்குக் காரணம் உருவாக்குவோரின் அறியாமை அன்று. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வெளியான அதே 1997இல்தான் பெங்களூரில் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முன்னோடி விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றான அது, காலப்போக்கில் வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் கார்களும் தெருக்களும் மரங்களும் வரைந்து தரும் கூடமாகப் புகழ்பெற்றது. 2016இன் இறுதியில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் அதில் பெரும்பங்கை வாங்கியது. 2019இல் அது ராக்ஸ்டார் வசமாயிற்று. கால் நூற்றாண்டாகப் பெங்களூரின் கைகள் பிறர் கற்பனை செய்த நகரங்களைக் கட்டி வருகின்றன. கர்நாடக அரசு 2012இல் இத்துறைக்கெனக் கொள்கை வகுத்தது, 2024இல் புதுப்பித்தது. கையும் கருவியும் இங்கே இருக்க, விதிகளை எழுதும் இடம் மட்டும் வேறெங்கோ இருந்துவிட்டது. பிறர் இலக்கணத்தில் பிழையின்றி எழுதப் பழகியவர்க்குத் தம் சொல்லுக்கேற்ப அந்த இலக்கணத்தை வளைப்பது எளிதன்று. காத்திருக்கும் ரசிகரோ வளைக்காதே என்றுதான் கேட்கிறார்.

வளைப்பதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' போக, 1993இல் ஜெர்மனியில் உருவான 'செட்லர்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொரு மூட்டையையும் யாரோ ஒருவர் பாதைவழியே சுமந்தாக வேண்டும். 2006இன் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' ஆட்டத்தில் தளத்துடன் தொடர்பறுந்த நிலம் வளம் தராது. இவையும் செவ்வியல் ஆட்டங்களே. 'பழையதைப் போல' என்று சொல்லும்போது நினைவுக்கு வராத பழையவை. இவற்றின் வழியே வந்தால், மேய்ச்சல் நிலம் தீர்ந்தால் பீரங்கி நகராத ஓர் ஆட்டம் அமையும். வணசாரர் எந்தத் தரப்பின் நிறமும் பூசாமல் களத்தின் நடுவே செல்வர்; அவர்களைத் தாக்கினால் உடனடி இலாபமும் நீண்ட பட்டினியும் கிடைக்கும். வெட்சி முதல் ஐந்து நிமிட வேடிக்கையாக முடிந்துவிடாமல் ஆட்டம் முழுவதும் தொடரும். இது யானையைவிடச் சுவையானது.

வணசாரரின் பிற்கதை எந்த ஆட்டத்திலும் வராது. சாலையும் இரயிலும் அவர்களின் தொழிலைப் பறித்தன. 1871இல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டங்களின் பட்டியலில் பல பகுதிகளில் அவர்கள் சேர்க்கப்பட்டனர். கர்நாடகத்தில் இன்று இலம்பாணி என்று அறியப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வடமாவட்டத் தாண்டாக்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் வருகின்றனர்.

அம்ருத் மகால் எருதுகளுக்கென ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் கன்னடத்தில் 'காவல்' எனப்பட்டன. தமிழ்க் 'காவல்' தான் அது. காக்கப்பட்ட புல்வெளி என்னும் பொருளில். சித்திரதுர்க்க மாவட்டம் சள்ளகெரெயில் எஞ்சியிருந்த காவல்களில் ஏறத்தாழ 10,000 ஏக்கரை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசு பாதுகாப்பு, அணு, விண்வெளி நிறுவனங்களுக்கும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒதுக்கியது. ஆடுமாடு மேய்த்து வந்த சுற்றுவட்டார ஊரார் எதிர்த்தனர். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. திப்புவின் படை எருதுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த புல்வெளியில், 2017 முதல், ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் ஓடுபாதை இயங்குகிறது.